மைத்தேயின் திங்கள் இரவு

என் மதினி றுமானாவுக்கு ஸ்பானிஷில் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்கத் தெரியாது. சோறு, மீன், கதவு, கதிரை ஒன்றுக்கும் சொல் தெரியாது. ஆனால் நேற்று, நாளை, போன மாதம், வருகிற கிழமை, கொஞ்சம் பிந்தும், இன்னும் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தேங்காய் துருவிக்கொண்டே கிழமை ஏழையும் முன்னுக்கும் பின்னுக்கும் சொல்லுவார். தெரியாதவர்கள் கேட்டால் ஏதோ ஓதுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

இதற்குக் காரணம் என் காக்கா, அதாவது மூத்த சகோதரன், றம்ஸான். அவர் ஸ்பெயின்காரரின் சூரைமீன் கப்பலில் வேலை செய்கிறார். கிண்ணியாவில் பிறந்து வாப்பாவோடு கொட்டியாரக் குடாவில் வலை இழுத்தவருக்குக் கடல் புதிதில்லை. நேரம்தான் புதிது. அந்தக் கப்பலில் யார் எப்போது எழும்ப வேண்டும், யார் எப்போது வலைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் ஸ்பானிஷில்தான் சொல்வார்கள். போன புதிதில் ஒரு நாள் தன்னுடைய முறை வந்தது தெரியாமல் நித்திரை கொண்டுவிட்டார். ஒரு வாளி கடல் தண்ணீரை முகத்தில் ஊற்றி எழுப்பினார்களாம். அன்றைக்கே அவர் நேரத்துக்கான சொற்களைப் பாடமாக்கத் தொடங்கினார்.

சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் சொற்களைக் குரல் செய்தியாக மதினிக்கு அனுப்புவார். மதினி அதை மாற்றிக் கேட்டுச் சோதனை வைப்பார். இப்படிப் புருசனும் பெண்சாதியும் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு கிழமை படித்தார்கள். மற்றவர்கள் போனில் கொஞ்சுவார்கள். இவர்கள் "மியெர்கொலெஸ்" என்பார்கள், "புதன்" என்பார்கள், சிரிப்பார்கள்.

"வேற நாலு சொல்லையும் படிச்சா என்ன மதினி?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"என்னத்துக்கு? எப்ப வாறார், எப்ப போறார். இந்த ரெண்டையும் விட்டா எனக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன கதை இருக்கு?" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். அந்த முறைப்படி காக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, மதினி வீட்டு ஆள். மதினியின் உம்மாவும் வாப்பாவும் இளைய மகளோடு மூதூரில் இருப்பதால் அந்த வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். பகலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். காக்கா லீவில் வந்தாலோ அந்த முறையெல்லாம் பறந்துவிடும். உம்மாவுக்கு மகன், சாச்சாவுக்குக் கதை கேட்க ஒரு ஆள், சொந்தக்காரர் எல்லோருக்கும் விருந்தாளி. போன முறை வந்தபோது அவரை நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சோறு தின்ன வைத்தோம். "எனக்குக் கிடைச்சது அவர்ர ஊத்தை உடுப்புத்தான்" என்று மதினி பகிடியாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மைத்தேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் கம்பனியின் சீஷெல்ஸ் கந்தோரில், ஆட்களை எப்போது ஏற்றுவது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று பார்க்கிற பெண் அவர். முதலில் அவருடைய செய்திகளைப் போனிலேயே தமிழாக்கிப் பார்த்தோம். "உங்கள் கணவரின் சரக்கு காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது" என்று ஒன்று வந்தது. உம்மா அரை நாள் அழுதார். கப்பல் ஏறுவது பிந்தும் என்பதுதான் விசயம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மதினி போனின் தமிழை நம்பவில்லை. தன் நேரச் சொற்களை மட்டும் வைத்து நேரடியாகவே பேசத் தொடங்கினார். "குவாந்தோ?" என்பார். எப்போது என்று அர்த்தம். மைத்தே ஒரு கிழமையோ ஒரு மாதமோ சொல்லுவார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதிலேயே ஒரு சிநேகிதம் உண்டாகிவிட்டது. கல்யாணம் முடித்து எவ்வளவு காலம் என்று மைத்தே ஒருமுறை கேட்டார். இரண்டு வருசம் என்று மதினி சொன்னார். ஒன்றாக இருந்தது எவ்வளவு காலம் என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு மாதம் என்று சொல்லி அனுப்பினார். பிறகு "போக்கோ தியெம்போ" என்று பதில் வந்தது. கொஞ்சக் காலம். மதினி அதை மூன்று நான்கு தரம் போட்டுக் கேட்டார்.

நானும் இந்தப் படிப்புக்குக் கொஞ்சம் உதவினேன். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். அந்தத் திமிர் இன்னும் இருக்கிறது. "பாருங்க மதினி, லூனெஸ் எண்டா நிலவாம். எங்களுக்கும் திங்கள் எண்டா நிலவுதான். மார்த்தெஸ் செவ்வாய்க் கிரகம். ஹுவெவெஸ் வியாழன். பியெர்னெஸ் வெள்ளி. அப்படியே எங்கட கிழமைதான். இங்கிலீசை விட லேசு" என்று சொல்லிக் கொடுத்தேன். சனியும் ஞாயிறும் பொருந்தவில்லை. அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. மற்ற நாட்கள் ஒட்டி வைத்த மாதிரிச் சரியாக இருந்தன. அதனால் அவர்களுடைய நாளும் எங்களுடைய நாளும் ஒன்றுதான் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

பிறகு என் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஹஸ்மி மூதூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். அமைதியான ஆள். அவருடைய உம்மா நஜ்முன் நிஸா மாமி அமைதியான ஆள் இல்லை. நிகாஹ் வெள்ளி இரவில்தான் நடக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். தன்னுடையதும் தன் உம்மாவுடையதும் வெள்ளி இரவில்தான் நடந்ததாம். எங்களுக்கும் அதில் சந்தோசம்தான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. காக்கா வர வேண்டும். வாப்பா ஸைனுலாப்தீன் மூன்று வருசத்துக்கு முன் திருகோணமலை ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அதற்கு முதல் நாள், பேச்சுச் சரியாக வராத நிலையில், என் கையை எடுத்துக் காக்காவின் கையில் வைத்தார். வாப்பா இல்லாத பெண்ணுக்குச் சகோதரன்தான் வலீ, பொறுப்பாளர். அவர்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இவளை உமக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் வர முடியாவிட்டால் இன்னொருவரிடம் பொறுப்புக் கொடுக்கலாம். வாப்பாவின் தம்பி முனீப் சாச்சா அதற்கு எப்போதும் தயார். புதுச் சேர்ட்டும் தைத்துவிட்டார். சாச்சா நல்ல மனிதர்தான். ஆனால் வாப்பா என் கையை வைத்தது சாச்சாவின் கையில் இல்லை.

அதனால் மதினி மைத்தேக்குச் செய்தி அனுப்பினார். கல்யாணத்துக்குச் சொல் தெரியாததால் றம்ஸானின் தங்கச்சியின் "ஃபியெஸ்தா" என்றார். கொண்டாட்டம் என்ற அந்த ஒரு சொல் எல்லோருக்கும் தெரிந்தது. எப்போது என்பதைச் சொல்ல அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. மாதத்தைச் சொன்னார், எத்தனையாவது கிழமை என்பதைச் சொன்னார், பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "பியெர்னெஸ் போர் லா நொச்சே" என்றார். வெள்ளி இரவு. எழுத்துப் பிசகாத மொழிபெயர்ப்பு. மைத்தே உடனே சந்தோசமாகப் பதில் அனுப்பினார். கப்பல் சீஷெல்ஸ் துறைமுகத்துக்கு மீன் இறக்க வரும், இறக்கி முடிகிற வரைக்கும் லீவு, டிக்கட் கம்பனி போடும்.

கல்யாணக் கிழமை செவ்வாய்க்கிழமை பின்னேரம். குசினியில் நாங்கள் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். மதினியின் போனில் மைத்தேயின் குரல் வந்தது. மாவுக் கையோடு மதினி அதைப் போட்டுக் கேட்டார்.

"டிக்கட் போட்டாச்சாம். கொழும்புக்கு வாறது பியெர்னெஸ் போர் லா மன்யானா. வெள்ளிக் காலம்பற."

உம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளிக் காலம்பறயா? வெள்ளி ராவு போன புறகு வந்து என்ன செய்யிற?"

மதினி இன்னொரு தரம் கேட்டார். பிறகு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் "தார்தே, தார்தே" என்றார். பிந்திவிட்டது.

மைத்தேயின் பதில் உடனே வந்தது. "நோ, நோ. தெம்ப்ரானோ." இல்லை, வேளைக்கே வருகிறார்.

"என்ன கதைக்கிறா இவ?" என்று மதினி என்னைப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக அனுப்பினார். "நொச்சே, ஆன்தெஸ். மன்யானா, தெஸ்புவெஸ்." இரவு முதல். காலை பிறகு.

அந்தப் பக்கத்திலிருந்தும் அதே மாதிரி, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நோ, றுமானா. மன்யானா, ஆன்தெஸ். நொச்சே, தெஸ்புவெஸ்." காலை முதல். இரவு பிறகு.

"விடிஞ்ச புறகா வெள்ளி ராவு வரும்? அந்தப் பொம்பிளைக்குத் தலையில சுகமில்லையா?" என்றார் உம்மா. மதினி மறுபடியும் "ஆன்தெஸ்" என்றார். மைத்தே மறுபடியும் "தெஸ்புவெஸ்" என்றார். இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. எண்ணெய்ச் சட்டியில் இருந்த பணியாரம் கருகியது. நான் அதை எடுக்கப் போனபோதுதான் எனக்குச் சுதர்ஷிகாவின் ஞாபகம் வந்தது.

சுதர்ஷிகா என்னோடு படித்தவள், திருகோணமலை டவுனில் இருக்கிற கத்தோலிக்கப் பிள்ளை. காக்காவின் கல்யாணம் வெள்ளி ராவு என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் சாரி உடுத்துப் பூ வைத்துக்கொண்டு வந்து இறங்கியது அடுத்த நாள். நாங்கள் பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பொழுது படும் நேரத்தில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னவுடன் அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் பொழுது பட்டால் அது வெள்ளி இரவு. அதற்குப் பிறகுதான் வெள்ளிக் காலை, நடுப்பகல் ஜும்ஆத் தொழுகை எல்லாம். பொழுது பட்டால் அந்த நாள் முடிந்துவிடும். மற்ற ஆட்களுக்கு நாள் இப்படி இல்லை என்பதை நான் அன்றைக்குச் சுதர்ஷிகாவின் முகத்தைப் பார்த்துத்தான் முதன்முதலில் யோசித்தேன். யோசித்துவிட்டு மறந்தும் போனேன்.

"மதினி," என்றேன், "அவட வெள்ளி ராவு எங்கட சனி ராவு."

மதினிக்கு உடனே விளங்கிவிட்டது. போனைத் தூக்கி, சத்தமே இல்லாத குரலில் "ஹுவெவெஸ். ஹுவெவெஸ் போர் லா நொச்சே" என்றார். வியாழன் இரவு. இந்த முறை வந்த மைத்தேயின் குரல் மெதுவாக இருந்தது. வியாழனுக்கு வந்து சேருகிற விமானம் இல்லை. பிறகு, எனக்கே விளங்கிய ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னார். "இம்போசிப்லே." முடியவே முடியாது.

உம்மா குந்தி இருந்த இடத்திலேயே தலையில் கையை வைத்தார். "ஸ்பானிஷ் படிச்சுக் கிழிச்சது போதும் புள்ள" என்று மதினியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மதினி கருகிய பணியாரத்தைக் கூடையில் கொட்டினார், சட்டியைக் கழுவினார். அவர் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். விசயம் கேள்விப்பட்ட முனீப் சாச்சா ஓடி வந்து, "ஏன் எல்லாரும் செத்த வீடு மாதிரி இருக்கிறீங்க? நான் இருக்கிறன்தானே" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹஸ்மிக்கு எடுத்தேன். கல்யாணத்துக்கு முன் நானாக அவருக்கு எடுத்தது அதுதான் முதல் தரம். விசயத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"எனக்கு எண்டைக்கு வச்சாலும் சரி. உம்மாட்டத்தான் கேக்கணும்" என்றார்.

"குடுங்க, நானே கதைக்கிறன்."

"நீங்களா?"

"ஓம். நான்தான்."

மாமி போனை வாங்கியதும் சலாம் சொன்னேன். அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை. "மாமி, நீங்க வெள்ளியில நிகாஹ் வேணும் எண்டுதானே கேட்டீங்க. வெள்ளி எப்ப முடியிது? அடுத்த மஃரிபோடதானே? அது மட்டும் வெள்ளிதானே மாமி? ராவில துவங்கினாலும் பின்னேரம் அஸருக்குப் புறகும் அதே வெள்ளிதான். காக்கா காலம்பற கொழும்புக்கு வாறார். அஸருக்குப் புறகு வைப்பம். என்ட வாப்பா என்னைக் காக்காட கையிலதான் தந்தவர்."

நான் வாயாடி என்று சம்பந்தத்தையே முறிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அஸருக்குப் புறகு சரி," என்றார் மாமி. "ஆனா பாங்கு சொல்லிட்டா சனி. சனி ராவில நான் என்ட மகனை இருத்த மாட்டன். உங்கட காக்கா வராட்டி சாச்சா கையைப் பிடிக்கணும். சம்மதமா?"

"சம்மதம் மாமி" என்றேன்.

கார்ட் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் சாச்சாதான் சைக்கிளில் போய் நேரம் மாறியதைச் சொன்னார். ஒரு குறையும் சொல்லாமல் வெயிலில் அலைந்தார். அதைப் பார்த்தபோது நான் மனதுக்குள் அவரைத் திட்டியது கூடாது என்று பட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. அஸரும் முடிந்தது. மூதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மௌலவி வந்து இருந்துவிட்டார். நான் உள் அறையில் சோடித்த பொம்மை மாதிரி இருந்தேன். மதினி என் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். காக்கா கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த வான் வண்டி வழியில், ஹபறணையில், நின்றுவிட்டது. ரோட்டில் யானை. "குவாந்தோ?" என்று மதினி அனுப்பினார். "தொதாபியா நோ" என்று காக்காவிடமிருந்து வந்தது. இன்னும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மதினி மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில். வான் கந்தளாய் தாண்டியதும், இனி கிட்டத்தான் என்று, இரண்டு பேரும் கேட்பதையும் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

வெயில் யன்னல் கம்பியிலிருந்து இறங்கி நிலத்துக்கு வந்தது. வெளியே மாமியின் குரல் கேட்டது. "இனியும் பாக்கேலாது. சாச்சாவை வரச் சொல்லுங்க." சாச்சா புதுச் சேர்ட்டோடு எழும்பினார் போலிருக்கிறது. ஆனால் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எனக்குக் கால் விறைச்சுப் போச்சு. மெல்ல மெல்லத்தான் வரணும்." வாசலிலிருந்து மாப்பிள்ளை இருந்த பாய்க்கு அவர் வந்து சேர எடுத்த நேரத்தில் ஒரு ஆள் கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலை டவுனுக்கே போய் வந்திருக்கலாம். அன்றிலிருந்து என் சாச்சாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

அவர் பாயில் இருக்கப் போகும்போது வானின் கோர்ன் சத்தம் கேட்டது. நிறுத்தாமல், ஒழுங்கை முழுக்க. மதினி எழும்பி யன்னலுக்கு ஓடவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தார்.

காக்கா கசங்கிய சேர்ட்டோடு வந்து, முகம் கழுவி, ஹஸ்மியின் கையைப் பிடித்தார். அவருடைய குரல் எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. "என்ட வாப்பா ஸைனுலாப்தீன்ட மகள் றிஷானாவை" என்று தொடங்கியதும் குரல் உடைந்துபோனது. மௌலவி மறுபடியும் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் தரம் முழுக்கச் சொன்னார். ஹஸ்மி ஏற்றுக்கொண்டேன் என்றார். துஆ ஓதி முடிகிற நேரத்தில் பள்ளியில் பாங்கு தொடங்கியது. நான் வாய்விட்டு அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மைத்தேயின் குரல் வந்தது. அவருடைய வெள்ளி இரவு அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாழ்த்துச் சொல்லியிருந்தார். எங்களுக்குச் சனி இரவாகிவிட்டது என்று மதினி அவருக்குச் சொல்லவில்லை. "கிராசியாஸ்" என்று மட்டும் அனுப்பினார். அது நேரச் சொல் இல்லை. எப்போது படித்தாரோ தெரியாது.

அடுத்த நாள் காக்கா வழக்கம் போல எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டார். காலைச் சாப்பாடு சாச்சா வீட்டில், பகல் மாமி வீட்டில் மூதூரில், பின்னேரம் வாப்பாவின் சிநேகிதர்களோடு. மதினியை நான் கண்ட நேரமெல்லாம் பாத்திரத்தோடும் துணியோடும்தான் கண்டேன். புதுப் பெண்ணுக்கு மற்றவர்களைக் கவனிக்க நேரம் இல்லை என்பார்கள். அது பொய். எனக்குக் கண் இருந்தது. ஆனால் நானும் காக்காவை என் பக்கத்தில் இருத்தி வைத்துக் கதைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

அன்று பின்னேரம் மைத்தே திரும்புகிற டிக்கட்டின் விபரம் அனுப்பினார். மதினி என் பக்கத்தில் இருந்துதான் கேட்டார். "லூனெஸ் போர் லா நொச்சே." மைத்தே அதை இரண்டு தரம், நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தார். கடைசியில் இன்னும் ஏதோ சொன்னார். "போக்கோ தியெம்போ" என்ற சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன.

"எப்ப பிளைட்?" என்று, இரவு காக்கா வந்ததும் உம்மா கேட்டார்.

"திங்கள் ராவு உம்மா" என்றார் காக்கா.

அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் உம்மா கருவாடும் இடித்த மிளகாய்த்தூளும் கட்டத் தொடங்கினார். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து சொந்தக்காரர் எல்லோரும் வழியனுப்ப எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். காக்கா கூட்டத்தைப் பார்த்து ஒரு மாதிரி முழித்தார். "என்ன உம்மா இது, திங்கள் ராவு எண்டா..." என்று தொடங்கினார். மதினி சோற்றுக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க, நேரமாகுது" என்றார். காக்கா மதினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார்.

எல்லோரும் கட்டிப் பிடித்தார்கள், அழுதார்கள், துஆச் செய்தார்கள். நானும் அழுதேன். எயார்போட் வரைக்கும் வருகிறேன் என்று சாச்சா நின்றார். "வேணாம் சாச்சா. வான் எங்கட வாசலுக்குத்தான் வரும். நான் அனுப்பி வைக்கிறன்" என்றார் மதினி. இரண்டு பேரும் பையையும் கருவாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போனார்கள். பின்னேரம் முழுக்க உம்மா ஒரு இடத்தில் இருந்து மூக்கைச் சிந்தினார்.

திங்கள் காலை. "றுமானா ஒண்டும் ஆக்கியிருக்க மாட்டா. தனிய அழுதுகொண்டு இருப்பா. சோத்தைக் குடுத்துக் கையோட கூட்டிட்டு வா" என்று உம்மா என்னை அனுப்பினார். ஹஸ்மி கடைக்குப் போயிருந்தார். நான் சாப்பாட்டுக் கெரியரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மதினியின் முன் கதவு பூட்டியிருந்தது. யன்னல் சீலைகள் இழுத்து மூடியிருந்தன. நித்திரையாக்கும் என்று பின்பக்கமாகப் போனேன். கொடியில் காக்காவின் நிகாஹ் சேர்ட் காய்ந்தது. அதில் அதிசயம் இல்லை. பின்வாசல் படியில் ஆண் செருப்பு ஒரு சோடி கிடந்தது. குசினிக்குள் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. மதினி தேங்காய் துருவுகிற வேகம் எனக்குத் தெரியும். இது பழக்கமில்லாத கை.

"ஓய்?" என்று மதினியின் குரல் கேட்டது.

"இண்டைக்கு" என்றார் காக்கா.

"ஆயெர்?"

"நேத்து."

"மன்யானா?"

காலைக்கும் நாளைக்கும் ஸ்பானிஷில் அந்த ஒரே சொல்தான். தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"அத விடுங்க" என்றார் மதினி. "இண்டைக்கு எண்டத இன்னொருக்கா சொல்லுங்க."

"ஓய்" என்றார் காக்கா. மதினி சிரித்தார். இரண்டு வருசத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

யாரும் யாருக்கும் பொய் சொல்லவில்லை. திங்கள் இரவு என்று மைத்தே சொன்னார், திங்கள் இரவு என்று காக்கா சொன்னார். எங்களுடையது ஞாயிறு பொழுது பட்டு வந்த இரவு, மைத்தேயுடையது இனித்தான் வர இருந்தது. ஒரு நாளை முழுதாகத் தொலைத்த அதே கணக்கில் மதினி ஒரு நாளை எடுத்துக்கொண்டார். நான் கெரியரைப் படியில், செருப்புக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தேன். வந்த மாதிரியே திரும்பிப் போனேன்.

உம்மா வாசலில் நின்றார். "எங்க அவ?"

"படுத்திருக்கா உம்மா. இண்டைக்கு அவவ விடுங்க."

"பாவம்" என்றார் உம்மா. கடல் பக்கம் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அவன் இப்ப போய் இறங்கியிருப்பான், என்ன மகள்?"

"தொதாபியா நோ" என்றேன்.

"அப்படியெண்டா?"

"இன்னும் இல்ல எண்டு அர்த்தம் உம்மா."

அப்போது லுஹருக்குக்கூடப் பாங்கு சொல்லியிருக்கவில்லை.